புயலில் கற்ற பாடம்: ஜான் வெஸ்லியின் வாழ்க்கை

இறைவன் தன்னை நம்பியவரைக் காப்பான் என்று கூறாத சமயம் இல்லை. அதை ஏற்பதாகச் சொல்லாத பக்தரும் இல்லை. ஆனால், கொள்ளைநோய் ஊரைச் சூழும்போது, நிலம் நடுங்கும்போது, அன்புக்குரிய ஒருவர் உயிருக்குப் போராடும் இரவில் விழித்திருக்கும்போது, அந்த நம்பிக்கை நம்முடன் நிற்கிறதா? அமைதியான நாட்களில் நாவில் இருந்தது, அஞ்சும் நாளில் நெஞ்சிலும் இருக்கிறதா?

இக்கேள்வியைத் தம்மிடமே கேட்டு, இல்லை என்ற விடையைக் கண்டு நாணியவர் ஜான் வெஸ்லி. அப்போது அவர் சாதாரண மனிதர் அல்லர். ஆக்ஸ்போர்டில் கற்பித்த அறிஞர். முறைப்படி திருநிலைப்படுத்தப்பட்ட கிறிஸ்தவ குரு. மற்றவர்களுக்கு விசுவாசத்தைப் போதிக்கக் கடல் கடந்து சென்றுகொண்டிருந்தவர். 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் ஆன்மிக வாழ்வையே மாற்றியமைத்த அவரது வரலாறு, தம்மிடம் விசுவாசம் இல்லை என்று அவர் கண்டுகொண்ட அந்தக் கணத்திலிருந்துதான் உண்மையில் தொடங்குகிறது.

எரியும் வீட்டில்

ஜான் வெஸ்லி 1703ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் பகுதியிலுள்ள எப்வர்த் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை சாமுவேல் வெஸ்லி அவ்வூர் ஆலயத்தின் குரு, தாய் சூசன்னா. இத்தம்பதியருக்கு 19 குழந்தைகள் பிறந்தனர். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேர் பச்சிளம் பருவத்திலேயே இறந்தனர். வறுமையும் கடனும் அவ்வீட்டை விட்டு நீங்கியதில்லை. போதாக்குறைக்கு, ஊராரில் சிலர் குருவின்மீது பகைமை கொண்டிருந்தனர்.

1709ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் நாள் நள்ளிரவு நெருங்கும் வேளையில் அவ்வீடு தீப்பற்றி எரிந்தது. கூரை வைக்கோலால் வேய்ந்தது. தீ நொடியில் பரவியது. பணிப்பெண் கடைசிக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மற்றவர்களைப் பின்தொடரச் சொல்லி ஓடினாள். நிறைமாதக் கர்ப்பிணியாக இருந்த சூசன்னா தீயின் நடுவே நடந்து, முகமும் கைகளும் வெந்த நிலையில் வெளியேறினார். எல்லோரும் தப்பிவிட்டனர் என்று எண்ணியபோதுதான், மாடி அறையில் உறங்கிய ஐந்து வயது ஜானைக் காணவில்லை என்பது தெரிந்தது.

தந்தை படிகளில் ஏற முயன்றார்; எரிந்துகொண்டிருந்த படிகள் அவரைத் தாங்கவில்லை. செய்வதறியாமல் அங்கேயே மண்டியிட்டு, மகனின் ஆன்மாவை இறைவனிடம் ஒப்படைத்து ஜெபித்தார். மாடியில் வெளிச்சத்தைக் கண்டு பொழுது விடிந்ததென்று எண்ணி விழித்த சிறுவன், ஜன்னலருகே இருந்த பெட்டியின்மீது ஏறி நின்றான். ஏணி கொண்டுவர நேரமில்லை. ஒருவர் சுவரோடு சாய்ந்து நிற்க, அவர் தோள்மீது மற்றொருவர் ஏறிச் சிறுவனை வெளியே இழுத்தார். அக்கணமே கூரை உட்புறமாகச் சரிந்து விழுந்தது. வீடும் நூல்களும் கையெழுத்துப் பிரதிகளும் சாம்பலாயின. ஆனால் சாமுவேல் வெஸ்லியோ அண்டை வீட்டாரை அழைத்து, எட்டுக் குழந்தைகளும் தமக்குத் திரும்பக் கிடைத்தனர், வீடு போனால் போகட்டும் என்று கூறி, மண்டியிட்டு இறைவனுக்கு நன்றி சொன்னார்.

எரியும் நெருப்பிலிருந்து பறித்தெடுக்கப்பட்ட கொள்ளி என்று விவிலியத்தில் ஓர் உவமை வருகிறது. ஜான் பிற்காலத்தில் தம்மை அவ்வாறே கருதினார். தாயும், இறைவன் இவ்வளவு கருணையோடு காத்த இக்குழந்தையின் ஆன்ம நலனில் தனிக் கவனம் செலுத்துவதாக உறுதி பூண்டார்.

தாயின் வியாழக்கிழமை

சூசன்னாவின் இந்த உறுதி வளர்ந்ததற்கும் நம் தமிழகத்துக் கடற்கரை ஊர் ஒன்றுக்கும் தொடர்புண்டு. டென்மார்க் மன்னரால் அனுப்பப்பட்ட சீகன்பால்கு, புளுட்சோ ஆகிய இருவரும் 1706ஆம் ஆண்டு தரங்கம்பாடிக்கு வந்து சமயப்பணி தொடங்கினர். அவர்களது பணியைப் பற்றிய நூல் ஒன்று எப்வர்த் வீட்டை அடைந்தது. கணவர் லண்டனுக்குச் சென்றிருந்த காலத்தில் அதைப் படித்த சூசன்னாவின் உள்ளம் பல நாட்கள் வேறெதையும் எண்ணவில்லை. தாம் ஆணும் அல்லர், குருவும் அல்லர். ஆயினும் இதைவிட அதிகமாக ஏதேனும் செய்ய முடியுமே என்று நினைத்தார். வாரத்தின் ஒவ்வொரு மாலையும் ஒரு குழந்தையுடன் தனியே அமர்ந்து அதன் ஆன்மிக வாழ்வைப் பற்றி உரையாடுவது என்று வகுத்துக்கொண்டார். ஜானுக்குரிய நாள் வியாழன்.

அந்த வியாழக்கிழமைகள் ஜானின் உள்ளத்தில் ஆழப் பதிந்தன. வளர்ந்து ஆக்ஸ்போர்டில் ஆசிரியரான பின்னரும், முன்பு தமக்குக் கொடுத்த வியாழன் மாலையின் சிறு பகுதியை இப்போதும் தமக்காக ஒதுக்குமாறு தாய்க்குக் கடிதம் எழுதினார்.

அறிவும் ஒழுக்கமும் இருந்தும்

1720இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்த ஜான், 1725இல் திருத்தொண்டராகவும் 1728இல் குருவாகவும் திருநிலை பெற்றார். இடையே 1726இல் லிங்கன் கல்லூரியின் ஆய்வாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டுக் கிரேக்கமும் தர்க்கமும் கற்பித்தார். இளைய சகோதரர் சார்லஸ் 1729இல் தொடங்கிய சிறு குழு விரைவில் ஜானின் தலைமையில் வளர்ந்தது. அவர்கள் அதிகாலையில் எழுந்தனர். வாரத்தில் இரு நாட்கள் நோன்பிருந்தனர். சிறைக் கைதிகளையும் ஏழைகளையும் தேடிச் சென்றனர். எதையும் முறைப்படி செய்ததால் மற்ற மாணவர்கள் அவர்களை மெதடிஸ்டுகள் என்று கேலி செய்தனர். அப்பெயரே பின்னர் ஒரு பேரியக்கத்தின் பெயராயிற்று.

ஜானின் ஆண்டு வருமானம் 30 பவுண்டாக இருந்தபோது 28 பவுண்டில் வாழ்ந்து, எஞ்சியதைத் தானம் செய்தார். வருமானம் 60 ஆனது. செலவு 28 ஆகவே இருந்தது, தானம் 32 ஆயிற்று. 90 ஆனபோதும் 28க்கு மேல் தமக்கென்று செலவிடவில்லை. இத்தகைய ஒழுக்கம் எளிதன்று. ஆயினும் அவர் உள்ளத்தில் ஒரு முள் உறுத்திக்கொண்டே இருந்தது. இத்தனை முயற்சியும் தம்மை இறைவனுக்கு ஏற்றவராக ஆக்கிற்றா என்பதில் அவருக்கு உறுதியில்லை. எத்தனை செய்தும் இன்னும் செய்ய வேண்டியது இருந்தது. தம் முயற்சியையே பற்றுக்கோடாகக் கொண்டவருக்கு நிம்மதி ஏது?

சிம்மண்ட்ஸ் என்னும் கப்பல்

1735இல் தந்தை இறந்தார். அவ்வாண்டு அக்டோபரில் ஜானும் சார்லஸும் இரு நண்பர்களுடன், அமெரிக்காவில் புதிதாக அமைந்த ஜார்ஜியா குடியேற்றத்திற்குச் சமயப்பணிக்காகக் கப்பல் ஏறினர். கப்பலின் பெயர் சிம்மண்ட்ஸ். அதே கப்பலில் 26 ஜெர்மானியரும் பயணம் செய்தனர். அவர்கள் மொரேவிய சகோதரர்கள் என்னும் சபையைச் சேர்ந்தவர்கள்.

அச்சபையின் முன்னோர் துன்பத்தில் புடம்போடப்பட்டவர்கள். 1415இல் உயிரோடு எரிக்கப்பட்ட ஜான் ஹஸ் என்பவரின் வழிவந்தவர்கள்; 17ஆம் நூற்றாண்டில் பொஹீமியாவிலும் மொரேவியாவிலும் ஒடுக்கப்பட்டுச் சிதறியவர்கள். எஞ்சியவர்களுள் சிலர் 1722இல் சாக்சனியில் சின்சென்டார்ஃப் பிரபுவின் நிலத்தில் புகலிடம் பெற்று, ஹெர்ன்ஹூட் என்ற சிற்றூரை அமைத்தனர்.

கப்பலில் வெஸ்லியின் நாள் நான்கு மணிக்கு ஜெபத்துடன் தொடங்கும். காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஜெர்மன் மொழி கற்பார். அந்த எளிய மக்களுடன் பேச வேண்டும் என்பதே நோக்கம். அவர்களைக் கவனித்தபோது அவருக்கு வியப்பு ஏற்பட்டது. ஆங்கிலப் பயணிகள் எவரும் செய்ய விரும்பாத இழிந்த வேலைகளையெல்லாம் அவர்கள் மற்றவர்களுக்காகச் செய்தனர். கூலி கொடுத்தால் மறுத்தனர். தங்கள் செருக்குள்ள நெஞ்சங்களுக்கு இதுவே நல்லது என்றனர். தள்ளப்பட்டாலும் அடிக்கப்பட்டாலும் எழுந்து அமைதியாக அகன்றனர், முறையிடவில்லை.

இது பணிவு. இவர்களிடம் அச்சமின்மையும் உண்டா என்று வெஸ்லி அறிய விரும்பினார். அதற்குக் காரணம் இருந்தது. பயணத்தின் தொடக்கத்தில், நவம்பர் மாதத்து ஓர் இரவில், காற்றின் இரைச்சலில் விழித்த அவர் தமக்குச் சாக மனமில்லை என்பதைக் கண்டிருந்தார். சாகத் துணியாதவர் சாவுக்கு ஆயத்தமானவரும் அல்லர் என்று தம் நாட்குறிப்பில் ஒளிவுமறைவின்றிப் பதிந்திருந்தார்.

1736ஆம் ஆண்டு ஜனவரியில் புயல்கள் அடுத்தடுத்து வந்தன. ஒரு புயலில் அலை அறையின் ஜன்னல்களை உடைத்துக்கொண்டு உள்ளே புகுந்தது. ஜனவரி 25, ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் எல்லாவற்றினும் கொடிய புயல் தொடங்கியது. மாலை ஏழு மணிக்கு வெஸ்லி ஜெர்மானியர் கூடியிருந்த இடத்திற்குச் சென்றார். அவர்கள் சங்கீதம் ஒன்றைப் பாடி வழிபாட்டைத் தொடங்கியிருந்தனர். அப்போது கடல் கப்பலின்மீது பாய்ந்தது. பெரும்பாய் துண்டுதுண்டாகக் கிழிந்தது. தண்ணீர் தளங்களின் இடையே கொட்டியது. கடல் தங்களை விழுங்கிவிட்டது என்றே எல்லோரும் எண்ணினர். ஆங்கிலேயர் அலறினர். ஜெர்மானியர் ஒரு கணம் தலைநிமிர்ந்து பார்த்தனர். பின்னர் இடைவிடாமல் பாடிக்கொண்டிருந்தனர்.

புயல் தணிந்தபின் வெஸ்லி அவர்களுள் ஒருவரிடம் அஞ்சவில்லையா என்று வினவினார். இறையருளால் இல்லை என்றார் அவர். உங்கள் பெண்களும் குழந்தைகளுமா அஞ்சவில்லை என்று மீண்டும் கேட்டார். தங்கள் பெண்களும் குழந்தைகளும் சாவதற்கு அஞ்சுவதில்லை என்று அம்மனிதர் மென்மையாக விடையளித்தார்.

கிரேக்கமும் தர்க்கமும் கற்பித்தவர் கற்றுக்கொள்ள வேண்டியதைத் தச்சர்களிடமும் உழவர்களிடமும் குழந்தைகளிடமும் கண்டார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் பழமொழி. வெஸ்லி கற்ற இறையியலில் பிழை எதுவும் இல்லை. புயல் வந்தபோது அது ஏட்டிலேயே இருந்தது, அவ்வளவுதான்.

அமைதியான கடலில் வந்த அச்சம்

பிப்ரவரியில் கப்பல் ஜார்ஜியாவை அடைந்தது. அங்கிருந்த மொரேவியத் தலைவர் ஸ்பாங்கன்பெர்க், இயேசு கிறிஸ்துவை அறிவீர்களா என்று வெஸ்லியிடம் கேட்டார். அவர் உலகத்தின் இரட்சகர் என்று அறிவேன் என வெஸ்லி விடை கூறினார். அது சரியே, ஆனால் உங்களை இரட்சித்தார் என்று அறிவீர்களா என அடுத்த கேள்வி வந்தது. வெஸ்லி ஏதோ சொல்லிச் சமாளித்தார். தம் சொற்கள் வெறுமையானவை என்ற ஐயம் அவரையே சுட்டது.

ஜார்ஜியாவில் அவர் பணி தோல்வியில் முடிந்தது. செவ்விந்தியர்களிடையே பணி செய்யும் ஆவல் நிறைவேறவில்லை. குடியேற்றத்தாரிடம் அவர் காட்டிய கண்டிப்பு மனக்கசப்பை வளர்த்தது. தாம் மணக்க எண்ணியிருந்த ஒரு பெண் வேறொருவரை மணந்தபின், அவருக்குத் திருவிருந்து அளிக்க மறுத்தார். அது நீதிமன்ற வழக்கில் முடிந்தது. 1737 டிசம்பரில் மனமுடைந்து தாயகம் திரும்பினார்.

அந்தப் பயணத்தில் நிகழ்ந்தது நம் கவனத்திற்குரியது. காற்று மென்மையாக இருந்தது. கடல் அலையின்றிக் கிடந்தது. அப்போதும் இன்னதென்று தெரியாத ஏதோ ஆபத்தைக் குறித்த அச்சம் பல நாட்களாக அவரை வாட்டியது. நாளுக்கு நாள் அதிகமாயிற்று. போகும்போது வந்த அச்சத்திற்காவது புயலைக் காரணம் காட்டலாம். திரும்பும்போது வந்ததற்கு எதைக் காரணம் காட்டுவது? அச்சத்தின் வேர் கடலில் இல்லை, தம் உள்ளத்தில் இருக்கிறது என்பது அவருக்கு விளங்கியது. பிறரை மனந்திருப்பப் போனவர், தாமே இன்னும் திரும்பவில்லை என்று உணர்ந்தார்.

1738, மே 24

1738 பிப்ரவரி 1ஆம் நாள் இங்கிலாந்தில் இறங்கிய வெஸ்லி, சில நாட்களில் லண்டனில் பீட்டர் போலர் என்னும் மொரேவியரைச் சந்தித்தார். போலருக்கு வயது 25, வெஸ்லிக்கு 34. வெஸ்லியின் தத்துவ ஆராய்ச்சிகளே அவருக்குத் தடையாக நிற்கின்றன, அவற்றைக் களைய வேண்டும் என்று அந்த இளைஞர் கூறினார். விசுவாசம் இல்லாத தாம் போதிப்பதை நிறுத்திவிடலாமா என்று வெஸ்லி கேட்டபோது, நிறுத்த வேண்டாம்; அது கிடைக்கும்வரை அதைப் பற்றிப் போதியுங்கள், கிடைத்தபின் கிடைத்ததனால் போதிப்பீர்கள் என்ற கருத்தில் ஆலோசனை கூறினார். வெஸ்லி அவ்வாறே செய்தார். அவர் முதலில் போதித்தது மரண தண்டனை விதிக்கப்பட்டிருந்த ஒரு கைதிக்கு.

மே மாதம் 24ஆம் நாள் மாலை லண்டனில் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த ஒரு சிறு கூட்டத்திற்கு அவர் விருப்பமின்றியே சென்றார். பவுல் அடிகள் ரோமருக்கு எழுதிய நிருபத்திற்கு மார்ட்டின் லூதர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார். கிறிஸ்துவை விசுவாசிப்பதால் இறைவன் மனித இதயத்தில் ஆற்றும் மாற்றம் அதில் விளக்கப்பட்டிருந்தது. இரவு ஒன்பதாகக் கால் மணி இருந்தது. வெஸ்லியின் உள்ளம் முன்பு அறியாத வகையில் நெகிழ்ந்து கனிந்தது. தம் முயற்சியை அன்று, கிறிஸ்து ஒருவரையே தாம் பற்றியிருப்பதாகவும், தம் பாவங்கள் நீங்கினவென்றும் ஓர் உறுதி பிறந்தது. உடனே அவர் செய்தது, தமக்குத் தீங்கிழைத்தவர்களுக்காக ஜெபித்தது.

அன்றிரவே ஐயமும் வந்தது. மகிழ்ச்சி பொங்கவில்லையே, இது எப்படி விசுவாசமாகும் என்று மனம் கேட்டது. இறைவன் தரும் சமாதானம் வேறு, உணர்ச்சிப் பெருக்கு வேறு. உணர்ச்சியை அவன் சில வேளை தருவான், சில வேளை தராமல் இருப்பான் என்று அவர் தெளிந்தார். அவ்வாண்டுக் கோடையில் ஹெர்ன்ஹூட்டுக்கே சென்று அம்மக்களின் வாழ்வை நேரில் கண்டு திரும்பினார்.

வெறிகொண்ட கூட்டத்தின் நடுவே

1739 ஏப்ரலில் பிரிஸ்டல் நகரருகே வெஸ்லி முதன்முறையாகத் திறந்த வெளியில் பிரசங்கம் செய்தார். ஆலயத்தின் வாயிலை மிதித்தறியாத சுரங்கத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் கூடினர். இயக்கம் வளர வளர எதிர்ப்பும் வளர்ந்தது. ஊருக்கு ஊர் கல்லெறியும் கலகமும் காத்திருந்தன.

1743 அக்டோபர் 20ஆம் நாள் வெட்னஸ்பரி என்னும் ஊரில் அவர் தங்கியிருந்த வீட்டை ஒரு கூட்டம் சூழ்ந்தது. வெஸ்லி வெளியே வந்து அவர்கள் நடுவே நின்றார். உயரம் குறைந்த, மெலிந்த உடல் அவருடையது. அவரை நீதிபதியிடம் இழுத்துச் செல்ல வேண்டும் என்றனர்; அவர் இசைந்து உடன் நடந்தார். இருளிலும் மழையிலும் நடந்து சென்றபோது, முதல் நீதிபதி அவர்களைக் காண மறுத்தார். அடுத்தவர் உறங்கப் போய்விட்டதாகச் சொல்லி அனுப்பினார். வழியில் வால்சால் ஊரைச் சேர்ந்த மற்றொரு கூட்டம் மோதி, அவரைப் பறித்துச் சென்றது. உடையைப் பிடித்து இழுத்தனர். பருத்த கருவாலித் தடியால் ஒருவன் பின்னிருந்து பலமுறை தலையைக் குறிவைத்து ஓங்கினான். ஒவ்வொரு முறையும் அடி விலகிப் போயிற்று. கொன்றுவிடுங்கள் என்ற கூச்சல் எழுந்தது.

வெஸ்லி உரத்த குரலில் ஜெபிக்கத் தொடங்கினார். அப்போது எதிர்பாராதது நடந்தது. கூட்டத்தின் தலைவனான மல்லன் ஒருவன் திரும்பி நின்று, இனி உம்மைத் தொடுவோர் என்னைத் தாண்டித்தான் தொட வேண்டும் என்ற கருத்தில் கூறி, தோழர் சிலருடன் அவரைக் காத்து அழைத்துச் சென்றான். கையில் சிறு காயமும் சட்டையில் கிழிசலும்தான் வெஸ்லி அடைந்த இழப்பு. அந்த மல்லன் பின்னர் அவருடைய சபையிலேயே சேர்ந்தான்.

அன்று முழுவதும் தம் படிப்பறையில் அமர்ந்திருப்பது போன்றே மனம் தெளிவாக இருந்ததென்று வெஸ்லி பதிந்துள்ளார். ஏழாண்டுகளுக்கு முன் அலையைக் கண்டு நடுங்கியவரே இவர். வெறிகொண்ட கூட்டம் அலைகளைவிடக் குறைந்ததன்று. கூட்டம் மாறவில்லை, அதன் நடுவே நின்றவர் மாறியிருந்தார்.

நிலம் நடுங்கிய நாட்கள்

தனி மனிதரின் அச்சம் ஒன்று. ஊரே அஞ்சுவது மற்றொன்று. 1750 பிப்ரவரி 8ஆம் நாள் லண்டனில் நிலநடுக்கம் ஏற்பட்டது. சரியாக ஒரு மாதம் கழித்து மார்ச் 8ஆம் நாள் அதிகாலை ஐந்து மணிக்குச் சற்றுப் பின் அதைவிட வலிய அதிர்ச்சி வந்தது. அப்போது வெஸ்லி சகோதரர்களின் ஃபவுண்டரி தேவாலயத்தில் சார்லஸ் பிரசங்கத்தைத் தொடங்கியிருந்தார். கட்டடம் தலைமீது விழும் என்று அனைவரும் எண்ணினர். பெண்களும் குழந்தைகளும் கதறினர். இறைவனைப் புகலிடமாகக் கொண்டவர் நிலமே நிலைபெயர்ந்தாலும் கலங்கார் என்னும் கருத்தமைந்த 46ஆம் சங்கீதத்தைச் சார்லஸ் உடனே உரக்கக் கூறினார். கூட்டம் அடங்கிற்று.

ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் நகரம் முழுவதும் அழியும் என்று ஒரு படைவீரன் சொன்னதைக் கேட்டுச் செல்வந்தர் வண்டிகளில் ஊரைவிட்டு ஓடினர். பலர் ஹைட் பூங்காவின் திறந்த வெளியில் இரவைக் கழித்தனர். நகரம் அழியவில்லை. அந்நாட்களில் மெதடிஸ்டுகளின் ஆலயங்கள் நிரம்பி வழிந்தன. வெஸ்லியின் நண்பர் ஜார்ஜ் ஒயிட்ஃபீல்ட் நள்ளிரவில் ஹைட் பூங்காவிலேயே மக்களுக்குப் பிரசங்கித்தார். அஞ்சி ஓடிய மக்களைத் தேடிச் சென்று அவர்கள் அருகில் நின்றதே அன்றைய பெரும்பணி.

உணர்வு வற்றிய வேளையிலும்

இவ்வளவு கூறியபின், ஆல்டர்ஸ்கேட் மாலைக்குப் பிறகு வெஸ்லிக்கு ஐயமே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. 1766 ஜூன் மாதம் சார்லஸுக்கு எழுதிய கடிதத்தில் தம் உள்ளத்தின் வறட்சியை அவர் மறைக்கவில்லை. தமக்கு இறையன்பு இருந்ததே இல்லையோ என்று தோன்றுவதாகவும், அச்சம் ஏதேனும் இருந்தால் அது நரகத்தைப் பற்றியது அன்று, ஒன்றுமில்லாமையில் விழுந்துவிடுவோமோ என்பதே என்றும் எழுதினார். அப்போது அவருக்கு வயது 63. ஆயிரக்கணக்கானோர் அவரால் ஆறுதல் பெற்றிருந்தனர்.

ஆனால் அந்தக் கடிதம் எழுதிய கை பணியை நிறுத்தவில்லை. மறுநாளும் அதிகாலையில் எழும் அவரது வழக்கம் மாறவில்லை, போதனையும் நிற்கவில்லை. ஏதோ ஒரு கை தம்மைத் தாங்கி முன்னே செலுத்துவதாகவே அவர் கண்டார். விசுவாசம் என்பது உள்ளத்தில் எழும் இனிய உணர்வு மட்டுமாக இருந்தால், உணர்வு வற்றும்போது அதுவும் வற்றிவிடும். வெஸ்லியின் விசுவாசம் வற்றிய பொழுதிலும் நடந்தது.

இங்கே மொரேவிய சகோதரர்களைப் பற்றியும் ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். சிம்மண்ட்ஸ் கப்பல் கரை சேர்ந்தது. ஆனால் அவர்கள் சென்ற எல்லா இடங்களிலும் அவ்வாறு நிகழவில்லை. 1760இல் அச்சபையினர் நம் தரங்கம்பாடிக்கு வந்து தங்கினர். நிக்கோபார் தீவுகளில் பணி செய்வதே அவர்கள் நோக்கம். தீவுகளில் காய்ச்சல் அவர்களைத் தாக்கியது. அடுத்தடுத்துப் பலர் மாண்டனர். ஒருவர் இறந்தால் மற்றொருவர் சென்றார். இறைவன் காப்பான் என்பதற்கு நமக்குத் தீங்கே நேராது என்று பொருள் கொண்டால், இவர்களது வாழ்வு நமக்குப் புரியாது. அன்று கப்பலில் அம்மனிதர் கூறியதும் அதுவன்று. கப்பல் மூழ்காது என்று அவர் சொல்லவில்லை, சாவதற்கு அஞ்சவில்லை என்றே சொன்னார்.

இறுதி நாட்கள்

வெஸ்லி தம் வாழ்நாளில் ஏறத்தாழ 4 லட்சம் கிலோமீட்டர் பயணம் செய்து 40,000 பிரசங்கங்கள் ஆற்றினார் என்று கணக்கிட்டுள்ளனர். பயணத்தின் பெரும்பகுதி குதிரையின்மீது. 1774இல் அடிமை வாணிகத்தைக் கண்டித்து நூல் எழுதினார். இறப்பதற்கு ஆறு நாட்களுக்கு முன், 1791 பிப்ரவரி 24 அன்று, பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அடிமை வாணிகத்தை எதிர்த்துப் போராடிய வில்லியம் வில்பர்ஃபோர்ஸுக்குக் கடிதம் எழுதினார். இப்பணிக்கு இறைவனே அவரை எழுப்பியிராவிட்டால் எதிர்ப்பில் அவர் தேய்ந்துபோவார், இறைவன் துணை நின்றாலோ எவரும் அவரை வெல்ல முடியாது என்பது அதன் சாரம். சாவின் வாயிலில் நின்ற முதியவர், போரின் நடுவில் நின்ற இளையவருக்குத் தந்த ஆறுதல் அது.

அவர் தாய் சூசன்னா 1742 ஜூலையில் மறைந்தபோது, தம் உயிர் பிரிந்தவுடன் இறைவனைப் புகழ்ந்து சங்கீதம் பாடுமாறு பிள்ளைகளிடம் சொல்லியிருந்தார். பிள்ளைகள் கட்டிலைச் சூழ்ந்து நின்று பாடினர். ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து, லண்டன் சிட்டி சாலையில் உள்ள தம் இல்லத்தில் மகனும் அவ்வாறே விடைபெற்றார். குரல் ஒடுங்கிய நிலையிலும் பாட முயன்றார். எல்லாவற்றினும் மேலானது இறைவன் நம்முடன் இருப்பதே என்ற கருத்தை, எஞ்சிய வலிமையைத் திரட்டி இருமுறை கூறினார். 1791 மார்ச் 2ஆம் நாள் காலையில் அவர் உயிர் பிரிந்தது. அவருக்கு வயது 87. சாக மனமில்லை என்று கடற்பயணத்தில் எழுதியவர் பாடியபடியே சென்றார்.

நமக்கான பாடம்

அச்சம் சூழும் காலத்தில் திடீரென்று நம்பிக்கையைத் தேடினால் அது கைக்கு அகப்படுவதில்லை. மொரேவியர் புயலில் அஞ்சாமல் பாடியதை வெஸ்லி கண்டது ஒரு மாலையில். ஆனால் யாரும் விரும்பாத வேலைகளை அவர்கள் முகம் சுளிக்காமல் செய்ததைப் பல வாரங்களாகக் கண்டிருந்தார். முன்னது பின்னதன் கனி. மதிப்பு, வசதி, தன் விருப்பம் என்று சிறு சிறு பொருள்களை நாள்தோறும் இறைவனிடம் விட்டுக்கொடுத்துப் பழகியவர்களால்தான், உயிரையும் ஒருநாள் நடுக்கமின்றி அவன் கையில் வைக்க முடிந்தது.

அத்தகைய நம்பிக்கை தமக்கு இல்லையென்று உணர்பவரும் சோர்வடைய வேண்டியதில்லை. வெஸ்லியும் அப்படித்தான் தொடங்கினார். இல்லாததை இருப்பதாகக் காட்டிக்கொள்ளாமல், இருந்தவர்களிடம் சென்று மாணவராக அமர்ந்தார். அஞ்சுகிறேன் என்று இறைவனிடம் ஒளிக்காமல் சொல்வதும் ஜெபமே. இன்று நம் வீட்டிலும் பணியிடத்திலும் எவரும் ஏற்க விரும்பாத ஒரு சிறு வேலையை அவனுக்காக ஏற்றுச் செய்வோம். புயல் எப்போது வரும் என்பது நம் கையில் இல்லை. இந்தப் பயிற்சியைத் தொடங்குவது நம் கையில் இருக்கிறது.